உஷார்! ரசீதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்

"மனு வாங்கிக்கிட்டோம்மா. ரசீது போட்டுத் தர்றோம். கூப்பிட்டு விசாரிக்கிறோம், போயிட்டு வாங்க."

காவல் நிலையத்தில் இந்தப் பேச்சு காதில் விழுந்ததும் மனசு கொஞ்சம் லேசாகும். வாசலில் செருப்பைத் தேடும்போது, 'கேஸ் கொடுத்தாச்சு' என்று பெருமூச்சு வரும். கேஸ் கொடுக்கவில்லை. கையில் இருப்பது சி.எஸ்.ஆர். என்று சொல்லப்படும் மனு ரசீது. ஒரு நம்பர், தேதி, ஸ்டேஷன் முத்திரை, கிறுக்கலாக ஒரு கையெழுத்து. காணாமல் போன ரேஷன் கார்டுக்கும், பக்கத்து வீட்டுச் சுவர்த் தகராறுக்கும் கொடுக்கிற அதே ரசீதுதான்.

சட்டத்தின் கண்ணில் வழக்கு பிறப்பது எஃப்.ஐ.ஆர். எனப்படும் முதல் தகவல் அறிக்கையில். அது பதிவானால் நகல் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். புலன் விசாரணை நடக்க வேண்டும். ஆதாரம் இல்லை என்று முடித்தாலும் அதை கோர்ட்டில் சொல்லித்தான் முடிக்க வேண்டும். சி.எஸ்.ஆருக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. ஸ்டேஷனுக்குள் பிறந்து, இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்காரவைத்து, 'இனிமேல் தொந்தரவு செய்யமாட்டேன்' என்று எழுதி வாங்கி, ஸ்டேஷனுக்குள்ளேயே முடிந்துவிடும். மேலதிகாரியின் கணக்கிலும் ஏறாது, நீதிபதியின் கண்ணிலும் படாது. பாலியல் வன்கொடுமை புகாருக்கு ரசீது கொடுத்து அனுப்புகிறவர் சும்மா தாமதம் செய்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். தாமதமாகும் ஒவ்வொரு நாளும் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஒரு கேள்வி கிடைக்கிறது: "ஏன் அன்றைக்கே வழக்குப் பதிவாகவில்லை?"

இப்படிப்பட்ட புகாரை எஃப்.ஐ.ஆராகப் பதிய மறுக்கிற போலீசாருக்கே சிறை உண்டு. டெல்லி நிர்பயா பலாத்காரச் சம்பவத்துக்குப் பிறகு 2013-ல் கொண்டுவந்த திருத்தம் அது. இப்போது பி.என்.எஸ். எனப்படும் புதிய தண்டனைச் சட்டத்தின் 199-வது பிரிவில் இருக்கிறது. குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் இரண்டு வருடம் கடுங்காவல். இந்தப் பிரிவின் எண்ணைத் தெரிந்துவைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்லுங்கள். சத்தம் போட வேண்டியதில்லை.

அடுத்த சாக்கு, "எங்க லிமிட் இல்லையே." நம் மதுரை சிம்மக்கல்லில் இது எளிதாக வரும். ஒரு பக்கம் திலகர் திடல் ஸ்டேஷன், இன்னொரு பக்கம் விளக்குத்தூண், யானைக்கல் பாலத்தைத் தாண்டினால் மதிச்சியம். இது போதாதென்று, "பொம்பளப்புள்ள விஷயம், மகளிர் ஸ்டேஷனுக்குப் போங்க" என்று வேறு அனுப்புவார்கள். எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் பதிய வேண்டும், பதிந்த பிறகு அவர்களே உரிய ஸ்டேஷனுக்கு அனுப்பிக்கொள்ள வேண்டும். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான். பி.என்.எஸ்.எஸ். எனப்படும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவில் அது எழுத்திலேயே இருக்கிறது. புகாரை மின்னஞ்சலில்கூட அனுப்பலாம், மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். "நாளைக்கு வந்து வாங்கிக்கங்க" என்றால், நாளைக்கு வரும்போது புகாரை எழுதிய ஸ்டேஷன் எழுத்தாளர் டூட்டியில் இருக்கமாட்டார்.

2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த இந்தப் புதிய நடைமுறைச் சட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. மூன்று முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், எஃப்.ஐ.ஆர். போடும் முன் 14 நாள் பூர்வாங்க விசாரணை செய்யலாம் என்று அதே 173-வது பிரிவு சொல்கிறது. பலாத்காரத்துக்கு இது பொருந்தாது, அங்கே தண்டனையே பத்து வருடத்தில் தொடங்குகிறது. ஆனால் கையைப் பிடித்து இழுத்தது, பின்தொடர்ந்தது போன்ற புகார்களில் இந்த 14 நாளைக் காட்டலாம். அதற்கும் டி.எஸ்.பி. அந்தஸ்தில் உள்ள அதிகாரியின் அனுமதி வேண்டும். மாநகரத்தில் என்றால் உதவி கமிஷனர். "அனுமதி வாங்கியாச்சா, என்ன தேதியில்?" என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் அந்தக் கேள்வியோடு 14 நாள் காணாமல் போகும்.

இனி எழுத்தாளர் மேஜை. ஸ்டேஷனில் 'ரைட்டர்' என்று ஒருவர் இருப்பார். நீங்கள் அழுதுகொண்டே சொல்வதைக் கேட்டு அவர் தன் பாஷையில் எழுதுவார். 'மேற்படி நபருடன் பழகி வந்த நிலையில்' என்று தொடங்கும். பழகவே இல்லை என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். அது வழக்கமான ஆரம்பம், அவர் கை தானாக எழுதிவிட்டது. மூன்று வருடம் கழித்து குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரியை எடுத்துப் படிப்பார்கள்: "நீங்களே கையெழுத்துப் போட்ட புகாரில் பழகி வந்ததாக இருக்கிறதே, அம்மா?"

மிகைப்படுத்தவில்லை. 2024 டிசம்பர் 23 இரவு சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி வன்கொடுமைக்கு ஆளானார். பயந்து ஒதுங்காமல் புகார் கொடுத்தார். அந்த எஃப்.ஐ.ஆரின் வாசகத்தைப் படித்த சென்னை உயர் நீதிமன்றம் கொதித்துப்போனது. பாதிக்கப்பட்டவர் மீதே பழி விழும்படி எழுதியிருக்கிறார்கள் என்று கண்டித்தது. தலைநகரில், நாடே பார்த்துக்கொண்டிருந்த வழக்கில், அப்படி எழுதினார்கள். ஆகவே புகாரை வீட்டிலேயே, உங்கள் சொற்களில், நடந்த வரிசையில் எழுதிக்கொண்டு போங்கள். வாய்மொழியாகச் சொன்னால், அதைப் பெண் அதிகாரிதான் எழுத வேண்டும். எழுதியதை உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். ஸ்டேஷனுக்கு வரவே பயம் என்றால், வாக்குமூலத்தை உங்கள் வீட்டிலோ நீங்கள் சொல்கிற இடத்திலோ வந்து பதிய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஒரு வார்த்தை தப்பாக இருந்தாலும் அடித்துத் திருத்தச் சொல்லுங்கள். "இதெல்லாம் ஃபார்மாலிட்டிதான்" என்பார்கள். கையெழுத்துப் போடாதீர்கள்.

அதே வழக்கில் இன்னொரு கொடுமையும் நடந்தது. அந்த மாணவியின் விவரங்களோடு எஃப்.ஐ.ஆர். இணையத்தில் வெளியானது. தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் வந்தது. நீதிமன்றம் அதோடு விடவில்லை. டிசம்பர் 28-ம் தேதி மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்து, கசிவுக்காக மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது.

25 லட்சம். இந்தத் தொகை மதுரைக்காரர்களுக்குப் பழக்கமானதாக இருக்க வேண்டும். 2019 மார்ச்சில், நம் ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளைதான் பொள்ளாச்சி வழக்கில் இதே தொகையை முதலில் சொன்னது. பொள்ளாச்சியில் பெண்களை ஏமாற்றி வீடியோ எடுத்து மிரட்டிய கும்பலின் மீது ஒரு கல்லூரி மாணவி அந்த வருடம் பிப்ரவரி 24-ல் புகார் கொடுத்தார். அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். புகார் கொடுத்த இரண்டே நாளில் அவருடைய அண்ணனை அடித்தார்கள். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பத்திரிகையாளர் சந்திப்பில் மாணவியின் பெயரைச் சொன்னார். வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றுகிறோம் என்று தமிழக அரசு போட்ட அரசாணையிலும் பெயர் அச்சாகி வந்தது. பெயரை வெளியிடக் கூடாது, எஃப்.ஐ.ஆரைப் பொதுவில் வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் நிபுன் சக்சேனா வழக்கில் கறாராகச் சொல்லி அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மதுரைக் கிளை அந்த அரசாணையைத் திரும்பப் பெறச் சொன்னது. பெயர் இல்லாமல் வேறு ஆணை போடச் சொன்னது. இழப்பீட்டையும் விதித்தது. ஆனால் அதற்குள் எத்தனை செல்போன்களில் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்திருக்கும்?

எஸ்.பி.யும் கோட்டையும்தான் கசியவிடுவார்கள் என்று நினைத்து நாம் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. சிம்மக்கல் வட்டாரத்தில் ஜெராக்ஸ் கடைக்குப் போனால் முதலில் என்ன சொல்கிறார்கள்? "இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணிவிடுங்க, பிரிண்ட் போட்டுத் தர்றேன்." ரேஷன் கார்டு, ஆதார், காலேஜ் சர்டிபிகேட் எல்லாம் அப்படித்தான் போகிறது. பாலியல் புகார் மனுவையும் அப்படி அனுப்பிவிடாதீர்கள். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அந்தக் கடை போன் பையன் கையில் இருக்கும், கம்ப்யூட்டரின் டவுன்லோடு ஃபோல்டர் ஒரு வருடமாகக் காலி செய்யாமல் கிடக்கும். கையால் எழுதுங்கள், எதிரிலேயே நின்று நகல் எடுங்கள், கறுப்பாக விழுந்த கழிவு நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 'நீதி வேண்டும்' என்று அந்தப் பெண்ணின் போட்டோவோடு ஸ்டேட்டஸ் வைக்கும் சித்தப்பாவும், ஊர்க் குரூப்பில் தெரு பேரைப் போட்டு 'இன்னார் மகளாம்' என்று எழுதுகிற பக்கத்து வீட்டு அண்ணனும் பி.என்.எஸ். 72-வது பிரிவின்படி குற்றம்தான் செய்கிறார்கள். இரண்டு வருடம் வரை சிறை. பெயர் போடவில்லை, அடையாளம் தெரிகிற மாதிரி எழுதினேன் என்பதும் அதில் அடங்கும்.

குழந்தை என்றால் உஷார் இரண்டு மடங்கு. 2024 ஆகஸ்டில் சென்னை அண்ணா நகரில் பத்து வயதுச் சிறுமிக்கு நேர்ந்ததைச் சொல்லப் போன பெற்றோர், மகளிர் காவல் நிலையத்தில் தங்களையே அடித்ததாகக் குற்றம் சாட்டினார்கள். சிறுமி பேசிய பதிவு வெளியே பரவியது. உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. என்றது, உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி சிறப்புக் குழு அமைத்தது, 2025 ஜனவரியில் அந்த ஸ்டேஷனின் பெண் இன்ஸ்பெக்டரே கைதானார். மகளிர் ஸ்டேஷன், பெண் அதிகாரி என்றதும் முழு நம்பிக்கை வைத்துவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். நல்ல பெண் அதிகாரிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களிடமும் சட்டப்படி நடக்கக் கேளுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி குழந்தையிடம் யூனிபார்ம் போட்டுக்கொண்டு விசாரிக்கக் கூடாது. ராத்திரியில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ கூட இருக்க வேண்டும். பையன்களுக்கும் இதே சட்டம்தான். பாதிக்கப்பட்டவர் 18 வயதைத் தாண்டிய ஆண் என்றால், அவருக்குப் புதிய பி.என்.எஸ்.ஸில் இடமே இல்லாமல் போய்விட்டது. திருநங்கைகளுக்கு இருக்கிற 2019-ம் வருடச் சட்டத்தில் அதிகபட்சத் தண்டனையே இரண்டு வருடம். இது தனியாக எழுத வேண்டிய அநியாயம்.

படிப்பும் பதவியும் இருந்தால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறீர்களா? 2021 பிப்ரவரியில் சிறப்பு டி.ஜி.பி. ராஜேஷ் தாஸ் மீது புகார் கொடுக்க சென்னைக்குக் காரில் போனார் ஒரு பெண் எஸ்.பி. செங்கல்பட்டைத் தாண்டி பரனூர் டோல்கேட்டில் அவர் காரை மறித்து நிறுத்தியது, போலீஸ். இன்னொரு மாவட்ட எஸ்.பி.யே ஆட்களோடு வந்து நின்றார். புகார் கொடுக்காமல் திரும்ப வைக்க முயற்சி நடந்தது. அந்த அம்மா திரும்பவில்லை. 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் ராஜேஷ் தாசுக்கு மூன்று வருடம் சிறை கொடுத்தது. காரை மறித்த எஸ்.பி.க்கு 500 ரூபாய் அபராதம். யூனிபார்மில் நட்சத்திரம் குத்திய பெண்ணுக்கே நடு ரோட்டில் இந்தக் கதி என்றால், கீழமாசி வீதிக் கடையில் பில் போடுகிற பெண் தனியாக ஸ்டேஷனுக்குப் போகலாமா? போகவே கூடாது. விவரம் தெரிந்த ஒருவர், முடிந்தால் ஒரு பெண் வக்கீல், கூட இருக்கட்டும். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம், 15100-க்குப் போன் போட்டால் வழி சொல்வார்கள். பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது "பேசி முடிச்சிக்கிருங்க" என்கிற இனிப்பான குரலைக் கண்டு. "பையன் வீட்டுல கட்டிக்கிறேங்குறாங்க. கேஸுன்னு போனா உங்க பொண்ணு வாழ்க்கைதான் நாறும். யோசிங்க அண்ணே." இதைச் சொல்கிறவர் வில்லன் மாதிரி இருக்கமாட்டார். அக்கறையாக டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொல்வார். அப்பாவுக்கு அது நியாயமாகவே படும். 2015-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரே, கடலூர் வழக்கில் தண்டனை பெற்ற குற்றவாளியை சமரசப் பேச்சு நடத்துவதற்காக ஜாமீனில் விட்டார். அவனால் குழந்தை பெற்று, தனியாக வளர்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண், அவனோடு பேசவே மாட்டேன் என்று உறுதியாக நின்றார். அதற்குள் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், பலாத்கார வழக்கில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று சொன்னது. சில வாரங்களில் சென்னை உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது. 2021-ல் அபர்ணா பட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், குற்றம் சாட்டப்பட்டவனோடு கல்யாணம் செய்துகொள், சமரசமாகப் போ என்றெல்லாம் நீதிபதிகளே யோசனை சொல்லக் கூடாது என்று தடை போட்டது. நீதிபதிக்கே இல்லாத அதிகாரம் ஸ்டேஷன் ஏட்டய்யாவுக்கு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

ஆஸ்பத்திரி விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது: முதலில் போலீஸ், பிறகுதான் ஆஸ்பத்திரி என்று. நேராக மதுரை அரசுப் பெரியாஸ்பத்திரிக்கே போகலாம். எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் பார்ப்போம் என்று அரசு, தனியார் எந்த ஆஸ்பத்திரியும் சொல்லக் கூடாது. இலவசமாக சிகிச்சை கொடுத்து, அவர்களே போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டும். மறுப்பது பி.என்.எஸ். 200-ன்படி குற்றம். அங்கே போடுகிற ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் நீங்கள் சொல்வது எழுதப்படும். அதுவும் பின்னால் கோர்ட்டுக்கு வரும், பார்த்துச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். குளிக்காமல், உடை மாற்றினால் பழைய உடையைத் துவைக்காமல், காகிதப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். பாலிதீன் கவரில் ஈரம் கட்டி தடயம் கெட்டுவிடும். 'இரு விரல் பரிசோதனை' என்று யாராவது ஆரம்பித்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதை நிறுத்த வேண்டும் என்று 2022 ஏப்ரலில் அரசுக்கு உத்தரவிட்டதும் நம் மதுரைக் கிளைதான். அதே வருடம் அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அதைச் செய்கிற டாக்டர் நடத்தை தவறியவர் ஆவார் என்றது.

கோர்ட்டுக்கு வருவோம். மாஜிஸ்திரேட்டிடம் கொடுக்கும் ரகசிய வாக்குமூலம், பழைய நடைமுறைச் சட்டத்தில் 164-வது பிரிவு, இப்போது பி.என்.எஸ்.எஸ். 183. கூடுமானவரை பெண் மாஜிஸ்திரேட்தான் பதிய வேண்டும். ஸ்டேஷனில் சொன்னதில் விட்டுப்போனதை இங்கே சொல்லலாம், பயந்து மறைத்ததையும் சொல்லலாம். விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும். அந்தப் பெண்ணின் முந்தைய பழக்கவழக்கம், யாரோடு போனார் என்கிற கேள்விகளுக்கு சாட்சியச் சட்டத்தில் இடமில்லை. ஆனாலும் கேட்பார்கள். அப்போது அரசு வக்கீல் ஆட்சேபிக்க வேண்டும், நீதிபதி தடுக்க வேண்டும். இருவரும் சும்மா இருந்தால், "ஐயா, இதற்கு நான் பதில் சொல்ல வேண்டுமா?" என்று கூண்டில் நிற்கும் பெண்ணே கேட்கலாம்.

எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டால் என்னிடம் ஒரே பதில் இல்லை. அண்ணா பல்கலைக்கழக வழக்கு ஐந்தே மாதத்தில் முடிந்தது. 2025 ஜூன் 2-ல் குற்றவாளி ஞானசேகரனுக்கு 30 வருடத்துக்குக் குறையாத ஆயுள் தண்டனை. பொள்ளாச்சிக்கு ஆறு வருடம் ஆனது. 2025 மே 13-ல் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை சிறை விதித்து, எட்டுப் பெண்களுக்கு 85 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. வாச்சாத்தியில் 1992 ஜூனில் அரசு ஊழியர்களே 18 பெண்களைச் சிதைத்த வழக்கில் தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது 2023 செப்டம்பரில். முப்பத்தொரு வருடம். இந்த மூன்றிலும் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது, கட்சிகளும் இயக்கங்களும் பின்னால் நின்றன. யாரும் பார்க்காத வழக்குகள்தான் மகளிர் கோர்ட் வராண்டாவில் வாய்தா வாய்தாவாகப் போய்க்கொண்டிருக்கின்றன.

அந்த வராண்டாவுக்காகக் கடைசியாக ஒரு எச்சரிக்கை. புகார் கொடுத்த பிறகு பெரும்பாலான குடும்பங்கள் பெண்ணின் சிம் கார்டை மாற்றுகின்றன, வீட்டை மாற்றுகின்றன, சில சமயம் திருப்பூருக்கோ கோவைக்கோ அனுப்பிவிடுகின்றன. நியாயம்தான். ஆனால் புதிய நம்பரையும் முகவரியையும் விசாரணை அதிகாரிக்கும் அரசு வக்கீலுக்கும் எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிவையுங்கள். பழைய வீட்டுக் கதவுக்கு வந்த சம்மன் திரும்பிப் போனால், கோப்பில் 'சாட்சி ஆஜராகவில்லை' என்றுதான் ஏறும். மிரட்டல் வந்தால் அதற்கும் தனியாக எழுத்தில் புகார் கொடுங்கள். சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் 2018 முதல் இருக்கிறது, அதற்கும் மனு போடலாம். அதற்குக் கொடுக்கிற ரசீதையும் படித்துப் பாருங்கள்.